ஸ்போர்ட்ஸ் கார் ஆர்டர் ஷீட்: எதை டிக் பண்ணலாம், எதை விட்டுடலாம்?

நேர்க்கோடு:
மாடல் முடிவாகிவிட்டது, ஆப்ஷன் பட்டியல்தான் முடிவுக்கு வரவில்லை. ரெண்டு கதவு, பின்சக்கர டிரைவ், மேனுவல் கியர். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சாலையில், வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ட்ராக்கில். அடிப்படை மாடலுக்கு மேல் எவ்வளவு குறைவாகச் சேர்க்க முடியுமோ அவ்வளவுதான் சேர்க்கணும் என்பது திட்டம். கஞ்சத்தனம் இல்லை, வேண்டாத மோட்டாரும் சென்சாரும் பத்து வருஷம் கழித்து ஒவ்வொன்றாகக் கண்ணைச் சிமிட்டுவது வேண்டாம், அவ்வளவுதான். அதிகபட்சம் அஞ்சு டிக். எந்த அஞ்சு? "எல்லாத்தையும் போட்டுக்கோங்க, விக்கும்போது திரும்ப வந்துடும்" என்ற பதில் ஷோரூமிலேயே இலவசமாகக் கிடைத்துவிட்டது. அதைத் தவிர வேறு எது இருந்தாலும் சொல்லுங்கள்.

பின்னச்சு:
பட்டியலை அவங்க அச்சடிச்ச வரிசையில் படிக்காதீங்க. அதில் பெயின்ட், ரிம், தோல் இருக்கைன்னு கண்ணுக்குத் தெரியறதுதான் முதல்ல வரும். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதை டெலிவரிக்கு அப்புறம் போடணும்னா காரில் எதையெல்லாம் கழட்டணும்?

எலக்ட்ரானிக் டாம்பரை எடுத்துக்குங்க. ஷாக் அப்சார்பரை மாத்தினா வேலை முடிஞ்சதுன்னு தோணும். ஆனா பாடியில் முடுக்க சென்சார், சஸ்பென்ஷனில் உயர சென்சார், தனி கன்ட்ரோல் யூனிட், இதையெல்லாம் இணைக்கிற வயரிங்னு எல்லாமே கார்பெட் விரிக்கும் முன்னாடியே பாடிக்குள்ள போயாகணும். அப்புறம் கார் சறுக்காம பிடிக்கிற ஈஎஸ்பி மென்பொருளுக்கும் இந்த காரில் இது இருக்குன்னு தெரியணும். தனியா வாங்கிப் போட நினைச்சா, வயரிங் இழுக்கிற கூலியிலேயே மனசு மாறிடும். பின்சக்கர ஸ்டீயரிங், முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட், பெரிய பெட்ரோல் டேங்க், ரேடார் வெச்ச க்ரூஸ், மேட்ரிக்ஸ் ஹெட்லைட், சன்ரூஃப் இருக்கா இல்லையா எல்லாமே இதே ஜாதி. ஃபேக்டரியில் விட்டா விட்டதுதான்.

நடுவுல ஒரு ரகம் இருக்கு: எல்எஸ்டி (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணா சுழலாம, மறுசக்கரத்துக்கும் விசையை அனுப்புற டிஃப்பரன்ஷியல்), உடம்பை இறுக்கிப் பிடிக்கிற பக்கெட் சீட், ரிவர்ஸ் கேமரா. பின்னாடி போட முடியும், ஆனா வலிக்கும். எல்எஸ்டி போடணும்னா டிஃப்பரன்ஷியலை இறக்கி, க்ரௌன் வீல் பல்லிடைவெளியையும் பேரிங் அழுத்தத்தையும் புதுசா செட் பண்ணணும். அதில் கொஞ்சம் பிசகினா 80 கி.மீ. வேகத்தில் ஒரு ஊளைச் சத்தம் வரும், காரை விக்கும் வரை அது கூடவே வரும். வாரன்ட்டி பேச்சு வேற.

மிச்சமெல்லாம் எப்ப வேணும்னாலும் செஞ்சுக்கலாம். ரிம், டயர், சைலன்சரோட பின்பகுதி, பிரேக் பேட், ஸ்பீக்கர், கியர் நாப், தரைவிரிப்பு. கலர் சீட்பெல்ட், பெயின்ட் அடிச்ச சாவி, தோல் போர்த்திய ஏசி துவாரம் இதெல்லாம் எந்த ரகத்திலும் சேராது. பட்டியலை நீளமாக்கத்தான் அவை இருக்கு.

எடைத்தராசு:
ஒரு குழப்பத்தை இப்பவே தீர்த்துக்கொள்வோம். ஆப்ஷன் குறைவான காரும் எடை குறைவான காரும் ஒன்றல்ல.

1973 போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7 காலத்தில் அது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. ஒரே காரை இரண்டு விதமாக விற்றார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத லைட்வெயிட் 960 கிலோ, டூரிங் 1,075 கிலோ. 115 கிலோ வித்தியாசம். வாங்கியவர்களில் லைட்வெயிட் எடுத்தவர்கள் 200 பேர், டூரிங் எடுத்தவர்கள் 1,308 பேர். மொட்டைக் காரைப் புகழ்கிறவர்கள் எப்போதும் அதிகம், கையெழுத்துப் போடுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம்.

இன்று கதை மாறிவிட்டது. எடையைக் குறைக்கும் பொருட்களே ஆப்ஷன்கள்: கார்பன் இருக்கை, செராமிக் பிரேக், ஃபோர்ஜ்டு வீல், லித்தியம் பேட்டரி. எதையும் டிக் செய்யாமல் வாங்கினால் கையில் வருவது இரும்பு டிஸ்க்கும் ஈய அமில பேட்டரியும் உள்ள, கொஞ்சம் கனமான கார். அதில் தப்பே இல்லை, ஆனால் அதை லைட்வெயிட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எதையாவது எடுத்துவிட்டு எடையைக் குறைப்பது இன்னும் சில மாடல்களில் இருக்கிறது. 2010 போர்ஷே பாக்ஸ்டர் ஸ்பைடரில் ரேடியோவும் ஏசியும் இல்லாததுதான் அடிப்படை, கதவுக் கைப்பிடிக்குப் பதில் துணிப்பட்டை. 2012-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா 86 ஆர்சி ரகத்தில் பம்பருக்குப் பெயின்ட்டே கிடையாது, ஸ்டீல் ரிம், ஏசி இல்லை. அது ரேஸ் கார் கட்டுகிறவர்களுக்கான மூலப்பொருள். வாரத்துக்கு மூன்று நாள் ஓட்ட அல்ல.

ஒரு அளவுகோலும் கையில் இருக்கட்டும். 64 லிட்டர் பெட்ரோல் சுமார் 48 கிலோ. அரை டேங்க்கோடு ட்ராக்குக்குப் போனாலே 24 கிலோ மிச்சம், டிக் எதுவும் தேவையில்லை. 1,450 கிலோ காரில் உட்காரும் இடத்தில் அஞ்சு கிலோ குறைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதே அஞ்சு கிலோ சக்கரங்களில் குறைந்தால் தெரியும். கூரையில் குறைந்தாலும் ஓரளவு தெரியும்.

நேர்க்கோடு:
அப்படியானால் செராமிக் பிரேக்? எடையும் குறையும், சக்கரத்திலேயே குறையும். ட்ராக்குக்கும் போகிறோம். அதுதான் முதல் டிக் என்று நினைத்திருந்தேன்.

வார்ப்பிரும்பு:
ட்ராக்குக்குப் போறதாலதான் வேண்டாம்னு சொல்றேன்.

செராமிக் டிஸ்க் அதே அளவு இரும்பு டிஸ்கில் பாதி எடைதான் இருக்கும், உண்மை. துரு பிடிக்காது, ரிம்மில் கருப்புத் தூள் படியாது, சாலையில் மட்டும் ஓடினா ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா அதிக சூட்டில் அதுக்குள்ள இருக்கிற கார்பன் இழை மெல்ல எரிஞ்சு போகும். டிஸ்க் தடிமன் அப்படியே இருக்கும், எடை குறைஞ்சிருக்கும். அதனாலதான் அதன் தேய்மானத்தைத் தடிமனை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது; எடை போட்டுப் பார்க்கணும், இல்லைன்னா அதுக்குன்னே இருக்கிற கருவியால அளக்கணும். குறைந்தபட்ச எடையை டிஸ்க்கோட நடுப்பகுதியில் பொறிச்சிருப்பாங்க. ஒரு செட் மாத்துற செலவில் இரும்பு டிஸ்க்கைப் பல செட் மாத்தலாம். ரிம் கழட்டும்போது விளிம்பில் ஒரு இடி பட்டாலும் டிஸ்க் சில்லு பேர்ந்துடும்.

இன்னொன்னு யாரும் சொல்றதில்லை. போர்ஷே 911-ன் 992 தலைமுறை கரேரா எஸ் முதல்ல வந்தப்போ அதில் இரும்பு டிஸ்க் 350 மி.மீ., செராமிக் போட்டா முன்னால் 410, பின்னால் 390. டிஸ்க் பெருசானா சின்ன ரிம் அதுக்கு மேல உட்காராது. ட்ராக்குக்குன்னு தனியா ஒரு சின்ன ரிம் செட் வாங்கும் வழி அடைபட்டுடும்.

பதிலா இதைச் செய்யுங்க:

முதல் ட்ராக் நாளுக்கு முன்னாடி பிரேக் திரவத்தை மாத்துங்க. டாட் 4 ரகத் திரவத்துக்கு விதிச்ச குறைந்தபட்ச கொதிநிலை புதுசா இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சின பிறகு 155 டிகிரி. ட்ராக்கில் பெடல் திடீர்னு தரைக்குப் போறதுக்கு காலிப்பருக்குள்ள (பேட்டை டிஸ்கில் அழுத்தற பாகம்) கொதிக்கிற திரவம்தான் பெரும்பாலும் காரணம், டிஸ்க் சின்னதா இருக்கிறது இல்லை. 300 டிகிரி தாங்குற ரேஸிங் திரவம் ஊத்தி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்துங்க.

அடுத்தது பேட். சூடு தாங்குற பேட் நாலு சக்கரத்துக்கும் போட்டுட்டு, பதப்படுத்தணும்: 100-லேர்ந்து 20 கி.மீ. வரைக்கும் முழுசா நிக்காம எட்டு பத்து தடவை பிரேக், அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாம ஓட்டி ஆறவிடணும். சூட்டோட நிறுத்திப் பெடலை மிதிச்சபடியே இருந்தா பேட் பொருள் டிஸ்கில் ஒரே இடத்தில் அச்சு மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் ஸ்டீயரிங் அதிரும், "டிஸ்க் வளைஞ்சுபோச்சு"ன்னு சொல்லி நல்ல டிஸ்கைத் தூக்கி எறிவாங்க. ஹேண்ட்பிரேக்கும் போடக்கூடாது, கியரில் விட்டு நிறுத்துங்க.

மூணாங்கியர்:
பின்னச்சு சொன்ன எலக்ட்ரானிக் டாம்பர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அப்புறம் போட முடியாது என்பதாலேயே ஒரு பொருள் அவசியமானதாக ஆகிவிடாது. 2017-ல் வந்த அல்பைன் ஏ110-ஐப் பாருங்கள். சாதாரண டாம்பர்தான், மோடு பட்டனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. டாம்பர் முழுசாக அமுங்கும் கடைசி நிலைக்கு ஹைட்ராலிக் தடுப்பு வைத்து, ஸ்பிரிங்கை மென்மையாக விட்டார்கள். கார் எடை குறைவாக இருந்ததால்தான் அது சாத்தியமானது. மோசமான ரோட்டிலும் அது மிதக்கிற விதத்தைப் பெரிய காரின் மூன்று மோடாலும் பிடிக்க முடியாது. தவிர, டாம்பர் தேய்மானப் பொருள். எண்ணெய் கசிய ஆரம்பித்தால் சாதாரண டாம்பருக்கு வெளிச்சந்தையில் நாலு கம்பெனி மாற்று தருவான். எலக்ட்ரானிக் வால்வு வைத்ததற்குப் பெரும்பாலும் அசல் பாகம்தான் கதி.

பின்னச்சு:
@மூணாங்கியர் எடை குறைவான காருக்கு நீங்க சொல்றது சரி. 1,500 கிலோவும் 20 இன்ச் ரிம்மும் சேர்ந்த காரில் சாதாரண டாம்பர் ஒரே ஒரு ரோட்டுக்கு மட்டும்தான் சரியா அமையும். நேர்க்கோடு எந்த ரகக் கார்னு சொல்லலை. அவர் செய்ய வேண்டியது ரெண்டு விதக் காரையும் ஒரே மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறது. சாதாரண டாம்பர் பிடிச்சுதுன்னா விட்டுடலாம், ஒரு டிக் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை மட்டும்: "ஸ்போர்ட் சஸ்பென்ஷன்"னு தனியா ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் 10 மி.மீ. இறக்கம். கேரேஜ் சரிவும் ஸ்பீடு பிரேக்கரும் உரசற கார்னா அந்த 10 மி.மீ. தினமும் நினைவுபடுத்தும்.

டயர்சுவர்:
பெரிய ரிம்மை டிக் பண்ணவே பண்ணாதீங்க. கணக்கு போட்டுக் காட்டறேன். 992 கரேராவின் அடிப்படை டயர் முன்னால் 235/40 19, பின்னால் 295/35 20 (அகலம் மி.மீ.-ல், அதில் சுவர் எத்தனை சதவீதம், ரிம் இன்ச்சில்). பக்கச்சுவர் உயரம் முன்னால் 94 மி.மீ., பின்னால் 103. எஸ் மாடலில் 245/35 20, 305/30 21. சுவர் 86, 91.5. பின்சக்கரத்தில் மட்டும் 12 மி.மீ. ரப்பர் காணாமப் போகுது. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிறது அந்த ரப்பர்தான். ரிம் பெருசானா உலோகம் வெளிவட்டத்துக்குப் போகும். எடை ஒண்ணா இருந்தாலும் சுழற்றவும் நிறுத்தவும் அதிக வேலை.

மாஸ்டா 2022-ல் ஜப்பானில் விற்ற 990எஸ் ரோட்ஸ்டர்தான் இந்த விவாதத்துக்கே நல்ல பாடம். மிக எளிமையான எஸ் ரகத்தை எடுத்தாங்க, 990 கிலோ. அதில் எல்எஸ்டியும் இல்லை, வளைவில் சாய்வைக் குறைக்கிற பின் ஸ்டெபிலைசரும் இல்லை. அதுக்கு அவங்க சேர்த்த பெரிய விஷயம் 16 இன்ச் ஃபோர்ஜ்டு வீலும் முன்னால் பிரெம்போ காலிப்பரும். ரிம் அளவைக் கூட்டலை, எடையைக் குறைச்சாங்க.

நேர்க்கோடு:
எல்எஸ்டி இல்லாமல் ஒரு ரோட்ஸ்டரா! இப்போது எல்லாக் காரிலும் "எலக்ட்ரானிக் டிஃப்" என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா?

வார்ப்பிரும்பு:
அந்த வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பொருள் ஒளிஞ்சிருக்கு, எதுன்னு எழுத்தில் கேளுங்க.

ஒண்ணு, நிஜமான டிஃப்பரன்ஷியலில் க்ளட்ச் தட்டு வெச்சு, மோட்டாரோ ஹைட்ராலிக்கோ அதை அழுத்தறது. இது நல்லது. இன்னொண்ணு, சாதாரண ஓப்பன் டிஃப் வெச்சுட்டு, சுழல்ற உள்சக்கரத்தை பிரேக்கால பிடிக்கிறது. சாலையில் மழைநாளில் உதவும். ட்ராக்கில் ஒவ்வொரு வளைவிலும் பின் பேட் வெந்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச சுற்றுக்கு அப்புறம் சூடு பார்த்து மென்பொருளே கையை எடுத்துடும். பின் பேட் முன் பேட்டை விட சீக்கிரம் தேயுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

மெக்கானிக்கல் எல்எஸ்டியிலும் ரெண்டு வகை. டார்சன் மாதிரி கியர் வகைக்குப் பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனா அது வேலை செய்றது பெருக்கல் கணக்கில்: விகிதம் 3-ன்னா, பிடிப்பு குறைஞ்ச சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினா மறுசக்கரத்துக்கு 300 வரை போகும். ட்ராக் ஓரத் திட்டான கெர்பில் ஏறி உள்சக்கரம் காத்துல நின்னா? பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம். க்ளட்ச் தட்டு வகைக்கு முன்அழுத்தம் இருக்கிறதால அங்கேயும் கொஞ்சம் பிடிக்கும், ஆனா தட்டு தேயும், உராய்வு மாற்றி கலந்த எண்ணெயை நேரத்துக்கு மாத்தணும். மாத்தாம விட்டா பார்க்கிங்கில் திரும்பும்போது பின்னாடி கடகடன்னு தட்டும்.

உங்க உபயோகத்துக்கு முதல் டிக் இதுதான். ரெண்டாவது எதுன்னு சண்டை போட்டுக்கலாம்.

எடைத்தராசு:
இரண்டாவது இருக்கை. சண்டை வேண்டாம்.

காரில் உடம்பு முழு நேரமும் தொடுகிற பாகம் அதுதான். ஏ110-ன் சாபெல்ட் கம்பெனி பக்கெட் ஒன்று 13.1 கிலோ. மோட்டார், ஹீட்டர், நினைவக யூனிட் எல்லாம் வைத்த எலக்ட்ரிக் இருக்கை அதைப்போல் இரண்டு மடங்கைச் சுலபமாகத் தாண்டும். பின்னாடி மாற்றலாம் என்று விடாதீர்கள்; பக்கவாட்டு ஏர்பேக், ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார், பெல்ட் இழுவை எல்லாம் இருக்கையோடு பேசுகின்றன. வெளிச்சந்தை பக்கெட் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும், அதை மின்தடை வைத்து ஏமாற்றினால் ஏர்பேக்கே வேலை செய்யாது.

ஆனால் இருபது நிமிஷம் ஷோரூமில் உட்கார்ந்து முடிவெடுப்பது தவறு. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து தலை கூரையில் இடிக்கிறதா பாருங்கள். சன்ரூஃப் போட்ட காரில் தலைக்கு மேல் இடம் இன்னும் குறையும். தொடைப்பக்க உயரம் அகலமான உடம்பை நசுக்கும். முழு கார்பன் பக்கெட்டின் முதுகு சாயாது, அதனால் பின் இருக்கை உள்ள காரில் அங்கே போவதே சிரமம். பக்கத்து இருக்கையில் குழந்தை இருக்கை பொருந்துமா என்பதை ஆர்டருக்கு முன் எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், முதுகு சாயும் மேனுவல் ஸ்போர்ட் சீட் போதும். அது பெரும்பாலும் அடிப்படையிலேயே வரும். ஒரு டிக்கும் மிச்சம்.

லித்தியம் பேட்டரியைப் பத்தி ஒரே வரி: 2009-ல் போர்ஷே அதைக் கொடுத்தபோது எடை 6 கிலோவுக்குள், பழையதை விட 10 கிலோவுக்கு மேல் குறைவு, ஆனால் குளிர்காலத்துக்கென்று சாதாரண பேட்டரியையும் கூடவே கொடுத்தார்கள். அதிலேயே பதில் இருக்கிறது.

குறுக்குவெட்டு:
எல்லாரும் ஒவ்வொரு ஆப்ஷனையும் தனித்தனியா வாங்க முடியும்னு நினைச்சுப் பேசறீங்க. பேக்கேஜ்தான் உண்மையான வில்லன்.

கார்வெட் சி8-ஐ எடுத்துக்குங்க. அதில் இசட்51 பேக்கேஜ் ஒரு டிக்தான்: பெரிய பிரேக், கடினமான சஸ்பென்ஷன், எலக்ட்ரானிக் எல்எஸ்டி, கூடுதல் கூலிங், வேறு பின் அச்சு விகிதம், எக்ஸாஸ்ட், கோடை டயர். அதைக் கீழ்மட்ட 1எல்டி ரகத்திலேயே எடுக்கலாம். ஓட்டத் தேவையான எல்லாமே ஒரே வரியில், உள்ளே சாதாரண இருக்கை. குறைந்தபட்ச ஆப்ஷன்னா இப்படித்தான் இருக்கணும். ஆனா முன்பக்க லிஃப்ட் வேணும்னா 2எல்டிக்குப் போயாகணும், அதோட நீங்க கேட்காத ஆடியோவும் எலக்ட்ரிக் சமாச்சாரமும் கூட வரும்.

உங்க காருக்கும் இப்படி ஒரு சங்கிலி இருக்கும். கம்பெனி இணையதளத்தில் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒவ்வொரு ஆப்ஷனையும் தனியா டிக் பண்ணிப் பாருங்க. "இதைச் சேர்த்தால் இவையும் சேரும், இது நீங்கும்"னு வரும் அறிவிப்பைக் குறிச்சு வெச்சுக்குங்க. கடைசி வார்த்தைதான் முக்கியம், எது நீங்குதுன்னு பலபேர் பார்க்கிறதே இல்லை. கூடுதல் செலவில்லாத ஆப்ஷன்களையும் விடாம படிங்க. டயர் வகை, பின்பக்க பெயரெழுத்தை நீக்குறது, கண்ணாடி மடிப்பு எல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

லிஃப்ட் பத்தி ஒரு வார்த்தை: 911-ல் அது சுமார் 40 மி.மீ. தூக்கும், 35 கி.மீ. வேகம் வரைக்கும்தான். அவ்வளவு உயரம் உங்க சரிவுக்குப் போதுமான்னு அதே மாடலைக் கொண்டுவந்து ஏத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பம்ப், குழாய், சீல்னு அதிலும் கசியக்கூடிய பாகங்கள் இருக்கு.

மூணாங்கியர்:
பின்சக்கர ஸ்டீயரிங்கும் இதே மாதிரி. 911-ல் 50 கி.மீ.க்குக் கீழே பின்சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும், 80-க்கு மேல் அதே திசையில். பெரிய, நீளமான காரில் அருமை. சின்னக் காரில் அது தீர்க்கிற பிரச்சினையே இல்லை. வீல் அலைன்மென்ட்டுக்கும் சரியான கருவி உள்ள இடமாகத் தேடணும்.

டயர்சுவர்:
விக்கும்போது என்ன ஆகும்னு யாரும் பேசலை. அதே மாடலில் செகண்ட் ஹேண்ட் விளம்பரம் இருபது எடுத்துப் படிங்க. தலைப்பிலோ முதல் வரியிலோ எந்த ஆப்ஷனை எழுதறாங்களோ, அதுதான் அடுத்து வாங்கறவர் தேடுறது. கடைசி பத்தியில் கிடக்கிறதெல்லாம் போட்ட காசு போனதுதான். மேனுவல் கியர், எல்எஸ்டி, சீட், ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் வழக்கமா மேல நிக்கும். எக்ஸாஸ்ட்டைப் பின்னாடி வெளியில் போட்டா சத்த விதி, உமிழ்வுச் சான்று தகராறு வரும். வால்வு வெச்ச ஃபேக்டரி எக்ஸாஸ்ட் சான்றோடயே வரும். அதனால அது நியாயமான டிக்.

நிறம்: கூடுதல் செலவில்லாத சாலிட் கலரே போதும். கீறல் விழுந்தா டச்அப் பண்ணவும் மெட்டாலிக்கை விட சுலபம். அந்தக் காசை டெலிவரி வாரமே பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கிற ஒளி ஊடுருவும் படலம்) ஒட்ட வெச்சுக்குங்க: முன் பம்பர், பானெட், கண்ணாடி, முக்கியமா பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பாடி. ஒட்டும் டயர் கல்லைப் பொறுக்கி அங்கேதான் எறியும்.

நேர்க்கோடு:
பட்டியல் இப்படி வந்து நிற்கிறது: மெக்கானிக்கல் எல்எஸ்டி உள்ள பேக்கேஜ், மேனுவல் ஸ்போர்ட் சீட் அடிப்படையிலேயே இருப்பதால் டிக் இல்லை, ஸ்போர்ட் எக்ஸாஸ்ட், எலக்ட்ரானிக் டாம்பர் ஓட்டிப் பார்த்த பிறகு. சின்ன ரிம், இரும்பு டிஸ்க், சாலிட் கலர். மூன்றே டிக். சரியா?

குறுக்குவெட்டு:
சரி. இனி காகித வேலை. விற்பனையாளர் தர்ற அழகான படம் போட்ட பிரிண்ட் அவுட்டில் கையெழுத்துப் போடாதீங்க; ஆப்ஷன் குறியீட்டு எண் உள்ள ஆர்டர் உறுதிப்படுத்தலைக் கேளுங்க. வரி வரியா உங்க பட்டியலோட ஒப்பிடுங்க. மாற்றம் செய்ய கடைசி தேதி எதுன்னு மின்னஞ்சலில் வாங்கிக்குங்க, அந்தத் தேதி தாண்டினா ஃபேக்டரி திறக்காது. மாடல் வருஷம் மாறும் நேரம்னா பேக்கேஜுக்குள்ள இருக்கிறதும் மாறும், மறுபடி படிங்க. ஷோரூமில் நிக்கிற காரைக் காட்டி "இதுவும் கிட்டத்தட்ட அதேதான், உடனே கிடைக்கும்"னு சொல்வாங்க. அதில் 21 இன்ச் ரிம் இருக்கும்.

வார்ப்பிரும்பு:
எல்எஸ்டி பேக்கேஜுக்குள்ள பெரிய ரிம் ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க. இருந்தா அந்த ரிம்மோட கோடை டயரையும் அப்படியே கழட்டி வித்துட்டு, டிஸ்க் காலிப்பருக்கு இடம் விடுற குறைந்தபட்ச அளவில் ஒரு செட் வாங்கிக்கலாம். அளந்து பார்க்காம வாங்காதீங்க. ரிம் உள்சுவருக்கும் காலிப்பருக்கும் நடுவில் 3 மி.மீ.யாவது இருக்கணும். அப்புறம் டெலிவரி அன்னிக்கே டூல்கிட்டில் காரைக் கட்டி இழுக்கிற டோ ஹூக் இருக்கான்னு பாருங்க, ட்ராக்கில் வாசலிலேயே கேப்பாங்க.